மீன் விடும் தேதி

எங்கள் முத்தியால்பேட்டை வீட்டு ஹாலில் என் மனைவி மாதவி கடல்நீர் மீன்தொட்டி வைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. உள்ளே உப்புத் தண்ணீரும் பவளக் கற்களும்தான். கற்களில் நுண்ணுயிர் வளர ஆறு வாரம் ஆகும், அதற்குமுன் மீன் விட்டால் செத்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கற்களில் பழுப்பாகப் பாசி படர்ந்த அன்று, "உயிர் வந்துடுச்சுங்க!" என்று என்னை இழுத்துவந்து காட்டினாள். மீன் விடும் தேதியை மார்க்கரால் கண்ணாடியில் எழுதினாள்.

அந்தத் தேதிக்கு ஆறு நாள் முன்பு மாரடைப்பில் போய்விட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரையெல்லாம் கொட்டிக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். நான் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது தொட்டி காலியாக இருந்தது. கற்கள் பிளீச்சிங் பவுடர் நாற்றத்தோடு மாடிப்படியில் வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன.

எந்த முட்டாள் செய்த வேலை என்று கத்த வாயெடுத்தேன். ஈரப் புடவையோடு என் அக்கா நின்றாள். அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"மீனு கூட இல்ல, பாசி புடிச்ச தண்ணிதானேன்னு ஊத்திட்டேன் தம்பி. கல்லையெல்லாம் நல்லாத் தேச்சிட்டேன். கண்ணாடில அவ எழுதுன தேதி மட்டும் எவ்ளோ தேச்சும் போவல."