கம்பி சொன்ன இடம்

எங்கள் டாரன்ட் குடும்பத்தில் யாரும் முதுகு வளைந்து நடந்ததில்லை. என் தம்பி செல்வின் மட்டும் முழங்காலிட்டு வேலை செய்தவன். அதிலும் எனக்குப் பெருமைதான். வியட்நாம் போரில் மெல்லிய கம்பியைச் சாய்வாக மண்ணில் செருகிக் கண்ணிவெடி தேடினான். அவன் பார்த்துக் கொடுத்த பாதையில் நடந்தவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். இவனும் சார்ஜென்ட்டாகத் திரும்பினான்.

ஊருக்கு வந்தபின், சிறுநீரகம் கெட்டவர்களை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வேனில் ஏற்றிப் போனான். பதினேழு வருஷம், ஒரு நாள் தவறவில்லை.

பூர்வகுடிகளான எங்களை வெள்ளைக்காரர்கள் குடிவைத்திருந்த பழைய மிஷனின் கல்லறை மேட்டில் மரச் சிலுவைகள் ஒரு கோடைத் தீயில் எரிந்துபோயின. பதிவேடும் இல்லை. நகராட்சி வேலி போடுவதற்குமுன், யார் எங்கே கிடக்கிறார்கள் என்று வரைபடம் கேட்டது. ஊர்ப் பெரியவர்கள் நாங்கள் செல்வினைக் கூப்பிட்டோம். அவன் யூகலிப்டஸ் இலையைக் கொளுத்திப் புகை போட்டு, முன்னோரிடம் உத்தரவு கேட்ட பிறகே முழங்காலிடுவான். ஒருமுறை தோண்டிய மண் எத்தனை வருஷமானாலும் இளகியே இருக்கும். கம்பி ஒரு சாண் இறங்கினால் போதும், அதற்குமேல் விடமாட்டான். அறுபத்து மூன்று பேருக்கு வெள்ளைக் கல் வைத்தான்.

அறுபத்து நான்காவது எங்கள் அம்மா. அங்கே தேட ஒன்றுமில்லை. மேட்டு உச்சியில் நான் கருங்கல் நிறுத்தி இருபது வருஷமாகிறது. ஊர் கூடியிருக்க, "இந்தக் கையாலதான் அம்மாவக் குழியில இறக்கினேன்" என்று சொல்லி நிறுத்திய கல். அதன் முன்னால் செல்வின் நான்கு இடத்தில் கம்பியைச் செருகினான்.

"அண்ணே, மண்ணு பாறையா இருக்கு. இங்க யாரும் தோண்டினதே இல்ல."

"உன் கை மழுங்கிப்போச்சு."

"மழுங்குற கையா இருந்தா வியட்நாம்லயே போயிருக்கும்."

ஓடைப் பக்கம் வேறோர் இடத்தைக் காட்டினான். ஆள் நீளத்துக்கு இளகின மண். அம்மாவின் அடக்கத்தில் நின்ற எங்கள் பெரியம்மா மகள் டல்சி அக்கா, கல் நிறுத்திய அன்றே சொன்ன இடம் அது. "நேர்ல நின்னவன் நான்" என்று ஊர் நடுவே அவள் வாயை அடைத்திருந்தேன்.

நான் நேரில் நிற்கவில்லை. பதினான்கு வயதில், நாற்பது மைல் தள்ளி ஆட்டுப் பண்ணையில் வேலை. செய்தி கேட்டு ஓடி வந்தவனை, உள்ளே வர அனுமதிச் சீட்டு இல்லையென்று மிஷன் வாசலிலேயே வெள்ளைக்கார மேனேஜர் திருப்பி அனுப்பினான். தாயைப் புதைக்கத் தலைமகன் வரவில்லை என்ற பேச்சு எங்கள் குடும்பத்துக்கு வரக்கூடாது. வந்தேன் என்று சொன்னேன். ஐம்பது வருஷம் சொன்னேன். அப்போது இரண்டு வயதாயிருந்த செல்வினும் அதை நம்பித்தான் வளர்ந்தான்.

அன்று வேன் படியில் உட்கார்ந்து அவனிடம் உண்மையைச் சொன்னேன். கம்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"வரைபடம் என் கையிலதான் இருக்கு அண்ணே. உங்க கல்லு நிக்கிற இடத்துலயே அம்மான்னு எழுதிடறேன்."

"வெடி இருக்கற எடத்துல இல்லன்னு எப்பவாச்சும் எழுதிக் குடுத்திருக்கியா?"

இல்லையென்று தலையாட்டினான்.

"அப்ப எனக்காகவும் எழுதாத. அத நம்பி வேலி போட்டா அம்மா வெளியில கிடப்பா."

சனிக்கிழமை காலை ஊர் கூடியது. கயிறு கட்டிக் கல்லைச் சாய்த்தோம். டல்சி அக்கா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மெர்வின், சின்னம்மா எழுந்து நடந்துட்டாளா?"

சிலர் சிரித்தார்கள். நான் திரும்பவில்லை.

ஓடைப் பக்கம் கல்லைக் கொண்டுபோனோம். தலைமாட்டில்தான் நிறுத்த வேண்டும். செல்வின் முழங்காலிலிருந்து நிமிர்ந்து, "அண்ணே, தலை எந்தப் பக்கம்?" என்றான். ஊர் முன்னால் என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு வழிவிட்டான். கிழக்கு என்று சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

தொப்பியைக் கழற்றினேன்.

"எனக்குத் தெரியாது. அன்னிக்கு நான் இங்க இல்ல. அக்காவைக் கேளு."

டல்சி அக்கா இப்போது சிரிக்கவில்லை. எழுந்து வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு மண்ணை ஒரு நடை நடந்து பார்த்தாள். பிறகு கைத்தடியை ஊன்றி, "இங்க" என்றாள்.