போலீஸ்காரன் வாத்து

கரம்பூர் மேலவாய்க்கால் மதகடியில் அன்று காலை இருந்தவர்கள்: மிராசுதார் சாமா ஐயர், கையில் குடை. சப்-இன்ஸ்பெக்டர் துரைராசு. லத்தியோடு ஆறு போலீஸ்காரர்கள், அவர்களை ஏற்றிவந்த நீல வேன். முறமும் துணிப்பையும் இடுப்பில் இடுக்கிய பெண்கள் ஒரு முப்பது பேர். அவர்களுக்கு முன்னால் அம்சம். அறுத்த வயலுக்குள் நானூறு வாத்துகள். வாத்துகளுக்கு நடுவே, முழங்கால்வரை சேறோடு, போன மாசம்வரை அதே வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்த பஞ்சநதம்.

எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்துகள் மட்டும் அவனைப் பார்க்கவில்லை. அவை சேற்றில் மூக்கை விட்டு உதிர்ந்த நெல்லை அள்ளிக்கொண்டிருந்தன. ஒரு வாரமாக வாய்க்கால் ஓரப் பாசியையும் நத்தையையும் தின்று மெலிந்த வாத்துகள். நெல்லைக் கண்டதும் சத்தம்கூடப் போடவில்லை.

பஞ்சநதம் எட்டு வருஷம் போலீஸ்காரனாக இருந்தான். நன்னிலம் பக்கம் தை பிறந்தால் அறுவடைப் பந்தோபஸ்து. ஆட்சி மாறியது, சுவரெல்லாம் உதயசூரியன் வந்தது, தெருமுனையில் செங்கொடி ஏறியது. அறுவடைச் சண்டை மட்டும் மாறவில்லை. கூலி நெல்லை ஏற்றித் தா என்று உள்ளூர் ஆட்கள் கரையில் நிற்பார்கள். மிராசுதார் லாரியில் வெளியூர் ஆளை இறக்குவார். நடுவில் காக்கி வரிசை ஒன்று நிற்கும். அந்த வரிசையில் நின்றே அவன் தேய்ந்துபோனான். இந்தப் பக்கம் ஏசுவார்கள், அந்தப் பக்கம் ஏவுவார்கள். அடி என்றால் அடிக்க வேண்டும். யாரை அடித்தோம் என்று பின்னால் யோசிக்கக் கூடாது. அவன் யோசித்தான். வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளை மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அதைத் தண்ணீர் மாதிரி குடித்தான். சோற்றை நின்றுகொண்டே தின்றான். படுத்தாலும் கால் நின்றுகொண்டுதான் இருந்தது. போன பட்டம் அறுவடையில், கூட்டம் நெருங்கும்போது விசிலை ஊதச் சொன்னார்கள். வாயில் வைத்து ஊதினான். வெறும் மூச்சுதான் வந்தது. பக்கத்தில் நின்றவன் சிரித்தான். பஞ்சநதத்துக்கு அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. உள்ளே ஏதோ தீர்ந்துவிட்டது என்று தெரிந்தது. ஒரு மாசம் லீவு போட்டுப் பார்த்தான். திரும்பி வந்து பெல்ட்டைக் கட்டிய அன்றைக்கே வெள்ளை மருந்துப் பாட்டிலைத் தேடினான்.

இந்த வருஷத் தையில்தான் வாத்துகளைப் பார்த்தான். ஒரு பக்கம் உள்ளூர் ஆட்கள், ஒரு பக்கம் வெளியூர் ஆட்கள், நடுவில் இவர்கள். யாராவது ஒரு கல்லை விட்டெறிந்தால் போதும் என்கிற நேரம். அப்போது வரப்பு வழியே ஒருத்தன் நீண்ட மூங்கில் கழியோடு வந்தான். அவனுக்கு முன்னால் வாத்துக் கூட்டம். அவன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாரையும் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கூட்டம் இரண்டு சண்டைக்காரர்களுக்கும் நடுவில் ஆடி ஆடி நடந்தது. இரண்டு பக்கமும் காலை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். ஒருத்தன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, வழி தவறிய வாத்து ஒன்றைத் தூக்கிக் கூட்டத்தில் விட்டான். எட்டு வருஷத்தில் எந்த அதிகாரியும் செய்யாத காரியத்தை ஒரு வாத்துக்காரன் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். இதுதான் வேலை என்று பஞ்சநதத்துக்குத் தோன்றியது. இத்தனை நாள் செய்தது வேலையே இல்லை.

ராஜினாமாக் கடிதம் கொடுத்தபோது துரைராசு அதைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டார்.

"ஏம்ப்பா, வயித்து வலிக்கு எவனாவது வேலைய விடுவானா? இது இங்கயே கெடக்கட்டும். தஞ்சாவூருக்கு அனுப்ப மாட்டேன். கிறுக்கு தெளிஞ்சா வந்து நீயே எடுத்துக் கிழிச்சுப் போட்டுடு."

மனைவி வேம்பு அழவில்லை, கத்தவில்லை. குவார்ட்டர்ஸ் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், உருவியபடியே கேட்டாள்.

"வாத்தா?"

"ஆமா. மீரா உசேன் பாய் தன் வாத்துக் கூட்டத்த மேய்க்கக் குடுக்குறேங்கிறாரு. முட்டையில பாதி நமக்கு."

"எங்க மேய்ப்பீங்க?"

"அறுத்த வயல்லதான்."

"யாரு வயல்ல? எட்டு வருஷமா இந்தப் பக்கத்து ஊரு ஒண்ணு விடாம அடிச்சிருக்கீங்க. உங்கள எவன் உள்ள விடுவான்?" கீரைக் காம்பைத் தள்ளி வைத்தாள். "ஒரு ஊரு, ஒரே ஒரு ஊரு உங்கள உள்ள விடட்டும். நான் வர்றேன். இல்லன்னா மாசக் கடைசியில குவார்ட்டர்ஸக் காலி பண்ணிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன். ஊரு ஊரா வெரட்டுறவன் பின்னால என்னால நடக்க முடியாது."

நியாயமான பேச்சு. ஆனாலும் அவள் தினமும் அவனுடைய காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, பித்தளை இஸ்திரிப் பெட்டியில் கரி நிரப்பித் தேய்த்து, ஆணியில் மாட்டிவைத்தாள். அவன் திரும்பி வந்து மாட்டிக்கொள்வான் என்ற நம்பிக்கை. அல்லது வேண்டுதல்.

அவள் சொன்னதுதான் நடந்தது. ஒரு வாரம் ஊர் ஊராகப் போனான். கொடி பறக்கிற தெருவில், "வாத்து மேய்க்கிற மாதிரி வந்து வேவு பாக்குறியா?" என்றார்கள். மிராசுதார் வீடுகளில், "பந்தோபஸ்து நேரத்துல ஓடிப்போன பயலுக்கு வயல் எதுக்கு?" என்றார்கள். 'போலீஸ்காரன் வாத்து' என்று பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டு வந்தன. வாத்துகள் பசியில் ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பித்தன.

அப்படியிருக்கும்போதுதான் சாமா ஐயர் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"நம்ம மேலவாய்க்கால் வயல் நேத்திக்குத்தான் கட்டு தூக்கினா. நாளைக்குக் காலம்பற உன் வாத்தை ஓட்டிண்டு வந்துடு. நெல் பாய் விரிச்சாப்பல கொட்டிக் கெடக்கு."

"எவ்வளவு தரணுங்க ஐயா?"

"ஒண்ணும் வேண்டாம் போ. விடியறச்சே வந்துடு. லேட் பண்ணாதே."

எதற்காக விடியற்காலையில் வரச் சொல்கிறார் என்று பஞ்சநதம் கேட்கவில்லை. டெல்டாவில் பிறந்தவன் கேட்டிருப்பான். கதிர்க்கட்டு தூக்கின வயலில் முதல் இறக்கம் கதிர் பொறுக்குகிற பெண்களுக்கு. அவர்கள் சிந்தின கதிரைப் பொறுக்கி, முறத்தைத் தட்டிவிட்டு வரப்பேறினால்தான் வாத்து இறங்கலாம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரும் எழுதிவைக்கவும் இல்லை. நண்டு பிடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பஞ்சநதம் பேராவூரணிப் பக்கம் கடலை விளைகிற மேட்டுக்காட்டில் பிறந்தவன். போதாததற்கு எட்டு வருஷப் போலீஸ் புத்தி வேறு. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் சரி என்றால் சரி. இந்தப் பட்டத்தில் தாசில்தார் நடுவில் உட்கார்ந்து கூலியை ஏற்றிக் கொடுக்க வைத்திருந்தார். சாமா ஐயருக்கு அந்தத் தோல்வி தொண்டையில் முள்ளாக நின்றது. பொறுக்குகிற நெல்லையாவது இந்தப் பெண்களுக்குக் கிடைக்காமல் செய்யவேண்டும். அதற்கு நானூறு வாத்து போதும்.

அம்சம்தான் முதலில் வாயைத் திறந்தாள். நாற்பது வயதிருக்கும். கறுத்து ஒல்லியான உடம்பு, வாய்க்கால் அக்கரைக்குக் கேட்கிற குரல்.

"யோவ் போலீசு! லத்தியால அடிச்சு ஓய்ஞ்சுபோயி இப்ப வாத்து வாயால புடுங்க வந்திருக்கியா?"

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பில் சிரிப்பு இல்லை.

"ஐயரு விடச் சொன்னாரு," என்றான் பஞ்சநதம்.

"ஐயரு சொல்லுவாரு. உனக்கு அறிவு எங்க போச்சு? நாங்க வரப்பேறாம எந்த வாத்துக்காரனாச்சும் எறங்குவானா? எந்த ஊருய்யா நீ?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. வாத்து தின்பது யாருடைய நெல் என்று தெரிந்தது. திரும்பி சாமா ஐயரைப் பார்த்தான். அவர் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

துரைராசு வரப்பில் இறங்கி வந்து, சினேகமாகத் தணிந்த குரலில் பேசினார். "பஞ்சநதம், நீ பாட்டுக்கு மேய். பட்டாதார் உத்தரவு இருக்கு. இந்தப் பொம்பளைங்கள நாங்க பாத்துக்குறோம். நல்லா மேயட்டும், ஒன் பொழப்பும் ஓடணும்ல? கிறுக்கு தெளிஞ்சா அந்தக் கடுதாசி என் மேஜையிலதான் இருக்கு." பிறகு தலையைத் திருப்பி, "ரெண்டு நிமிசத்துல கலைஞ்சு போகணும்," என்று பெண்களைப் பார்த்துக் கத்தினார். ஆறு லத்தியும் கைக்கு ஏறின சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் பஞ்சநதத்துக்குத் தெரியும்.

பெண்கள் நகரவில்லை. அம்சம் முறத்தை மார்போடு கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டாள். வாத்து உள்ளே இருக்கிறவரைக்கும் இது நடக்கும். வாத்து வெளியே போனால் லத்திக்கு வேலையில்லை. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் வெளியே போனால் வாத்து பட்டினி. பட்டினி வாத்து முட்டை போடாது. மீரா உசேன் கூட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார். பிறகு இழுப்பறை, கடிதம், பெல்ட்டு.

பஞ்சநதம் கழியை எடுத்தான்.

முதலில் தெரிந்த மாதிரிதான் செய்தான். பின்னால் ஓடினான், பக்கவாட்டில் ஓடினான், கழியை வீசி நான்கு பக்கமும் வளைத்து நெருக்கினான். நானூறு வாத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுழன்றன. சேறு தெறித்தது. கத்தல் வானத்துக்குப் போனது. ஒன்றுகூட வரப்பேறவில்லை. வேனருகே நின்ற போலீஸ்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "தம்பி, கண்ணீர்ப்புகை வேணுமா?" என்றான் ஒருவன், பழைய சிநேகிதன்.

பஞ்சநதம் நின்றான். இந்தச் சுழற்சியை அவன் பார்த்திருக்கிறான். நான்கு பக்கமும் அடைத்துவிட்டு, கலைந்து போ என்று கத்தின எத்தனையோ கூட்டங்கள். எங்கே போவார்கள்? ஒவ்வொரு தடவையும் அவன் வரிசையில் நின்று நினைத்துக்கொண்டது இதுதான், ஒரு பக்கம் விட்டால் போய்விடுவார்களே. சொல்லத் தைரியம் இருந்ததில்லை. சொன்னாலும் யார் கேட்பார்கள்? இங்கே ஒரு பக்கம் வழி விட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அவன் கழியைத் தாழ்த்தினான். கூட்டத்தை விட்டு விலகி, சேற்றில் நிதானமாக நடந்து, வடக்கு வரப்புக்குப் போனான். அங்கே வரப்பு கொஞ்சம் உடைந்து தாழ்ந்திருந்தது. அந்த உடைப்புக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, கழியின் நுனியைத் தரையில் கிடத்தி, குரல் கொடுத்தான்.

"வா வா வா வா..."

குரல் வந்தது. அவனே எதிர்பார்க்காத அளவுக்கு, நெஞ்சின் அடியிலிருந்து முழுசாக வந்தது.

கூட்டம் சுழல்வது நின்றது. வெள்ளைக் கழுத்து வாத்து ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. அது ஓரடி வைத்தது. பிறகு அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் நாலு. முடிச்சு அவிழ்ந்த கயிறு மாதிரி நானூறும் நீண்டு, உடைப்பு வழியாக ஏறி, வரப்பில் ஒற்றை வரிசையாகி, பெண்களுக்கும் லத்திகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஆடி ஆடி நடந்தன. கான்ஸ்டபிள்கள் பூட்ஸ் காலை இழுத்துக்கொண்டார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். சேற்றில் மாட்டின ஒன்றை அம்சம் கழுத்தோடு தூக்கி வரப்பில் வைத்தாள். பின்னாலிருந்து ஒருத்தி குலவை போட்டாள். கேலிக்குத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது கேலி இல்லை. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"என்னடா பண்றே?" சாமா ஐயர் குடையை ஆட்டினார். "நான் விடச் சொன்னேன், நீ ஓட்டிண்டு போறே?"

"அவங்க வரப்பேறட்டும் ஐயா. அப்புறம் வர்றேன்."

"அப்புறம் வந்தா விடமாட்டேன். காலை ஒடிச்சுடுவேன்."

"சரிங்க ஐயா."

துரைராசு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அவருக்கு அடிக்க ஆளும் இல்லை, காக்க வாத்தும் இல்லை. பஞ்சநதம் அவரைத் தாண்டிப் போகும்போது நின்றான். எட்டு வருஷப் பழக்கத்தில் குதிகால் தானாகச் சேர்ந்தது.

"அந்தக் கடுதாசிய இன்னைக்கே அனுப்பிடுங்க ஐயா."

துரைராசு தொப்பியை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார். வேன் திரும்பிப் போகும்போது அவர் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. பொறாமையா என்று பஞ்சநதம் பிறகு பல நாள் யோசித்திருக்கிறான்.

வாய்க்கால் கரையில் வாத்துகளை நிறுத்தி, இனி எங்கே போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது, அதற்குள் மற்ற பெண்களோடு வயலில் இறங்கிவிட்ட அம்சம் அங்கிருந்தே கூப்பிட்டாள். குனிந்து பொறுக்கிக்கொண்டே, நிமிராமல்.

"யோவ் போலீசு. வடக்கால கோயில் நெலம் எங்க ஆளுங்க குத்தகை. முந்தாநாளே பொறுக்கி முடிச்சாச்சு. அங்க வுடு. நத்தையும் கெடக்கு."

"உங்க ஆளுங்க ஒத்துக்குவாங்களா?"

"நான் சொன்னா ஒத்துக்குவாங்க. ராத்திரி அங்கயே கிடை போடு. எரு விழுந்தா நெலத்துக்கு நல்லது. மோட்டார் கொட்டாய் சும்மாதான் கெடக்கு, படுத்துக்க." ஒரு கதிரை முறத்தில் போட்டாள். "மூணு வருசத்துக்கு முன்னால எந்தம்பி மண்டைய ஒடைச்சது நீதான். மூஞ்சிய மறக்கல. அதுவும் தெரிஞ்சுக்க."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. போ, வாத்து பசியில கத்துது."

சாயங்காலம், மண்ணில் குச்சி அடித்து வலையைச் சுற்றிக் கட்டி, வயிறு நிறைந்து உட்கார்ந்துவிட்ட வாத்துகளை அதற்குள் விட்டு, மோட்டார் கொட்டகையைப் பெருக்கிவிட்டு, பஞ்சநதம் நன்னிலத்துக்கு நடந்தான். வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு இட்லி தின்றான். தின்று முடித்த பிறகுதான் உட்கார்ந்து தின்றிருக்கிறோம் என்பது உறைத்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் வேம்பு நின்றாள். சேறு காய்ந்த அவன் காலைப் பார்த்தாள்.

"கரம்பூர்ல கிடை போடச் சொல்லியிருக்காங்க," என்றான்.

"யாரு? மிராசா?"

"இல்ல. அம்சம்னு ஒருத்தி. கூலிக்காரங்க."

"நீங்க போலீஸ்னு தெரியுமா அவளுக்கு?"

"அவ தம்பி மண்டைய ஒடைச்சதே நான்தான். அதுவும் தெரியும்."

வேம்பு உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, டிரங்குப் பெட்டியின் கொக்கி விழும் சத்தம் கேட்டது. அவன் உள்ளே போகவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சோற்றுக் குண்டானையும், அடுப்பில் வைத்து இறக்கின கீரைச் சட்டியையும் துணியில் கட்டிக்கொண்டு வந்தாள். கதவு வழியாக ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டை தெரிந்தது, அன்று காலையும் தேய்த்தது, மடிப்பு கலையாமல். அவன் அதை எடுக்க ஒரு அடி வைத்தான்.

"அது கெடக்கட்டும். ஸ்டேஷன் ரைட்டர் வந்து எடுத்துக்குவாரு," என்றாள் வேம்பு. பெட்டியை அவன் தலையில் ஏற்றினாள். படியில் சட்டியை வைத்துவிட்டு, திரும்பி, கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டுத் திருகி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.