வரையாட்டுச் சேலையின் மறுமுனை

விடிவதற்கு முன்பே கொப்பரை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. புகை கண்ணைக் கரித்தது. சாயப்பொடியின் நெடி தொண்டைக்குள் இறங்கி, சற்றுமுன் குடித்த டீயின் ருசியை அடித்து விரட்டியது. தாமரைச்செல்வி சேலையைக் கழியில் சுற்றி முக்கினாள், தூக்கினாள், மறுபடி முக்கினாள். முழங்கை வரைக்கும் சிவப்பு. நேற்று சோறு பிசைந்து ஊட்டப் போனபோது, "ரத்தக்கை வேணாம்மா" என்று அவள் மகள் தட்டோடு எழுந்து ஓடிவிட்டாள்.

வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டி, கருவேலங்காட்டை ஒட்டி இருந்தது அந்தச் சாயப்பட்டறை. சென்னையில் பெரிய கண்காட்சி வருகிறது. மாநிலத்தின் அடையாளங்களைச் சுங்குடிச் சேலையில் கொண்டுவர வேண்டும் என்பது ஆர்டர். முந்தானையில் பாறைமேல் நிற்கும் வரையாடு, சேலையின் உடலெல்லாம் செங்காந்தள், ஓரத்தில் பனைவரிசை, மூலையில் மரகதப்புறா. எல்லாமே புள்ளிகள். துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கினால் ஒரு முடிச்சு. சாயம் அதற்குள் போகாது. கடைசியில் முடிச்சை அவிழ்த்தால் புள்ளி தெரியும்.

வரையாட்டைக் கட்டியவள் ராதாமணி. மகால் பக்கத்துச் சந்திலிருந்து வருகிறவள்.

"ஆட்டுக்குக் கொம்பு கட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்கே ரெண்டு முளைச்சிருச்சு தாமரை" என்று சிரித்தபடியே அடுத்த சேலையை நீட்டினாள்.

"முட்டிராதக்கா. மொதலாளி வார நேரம்."

அந்தச் சிரிப்பு முடியவில்லை. அடுப்பின் இடப்பக்கச் செங்கல் நழுவியது. அது ஆடுகிறது என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. 'கண்காட்சி முடியட்டும்' என்பதுதான் பதில். கொப்பரை சரிந்தது. கொதிக்கும் சிவப்பு ராதாமணியின் வலது கையில் கொட்டியது.

அவள் தமிழ் மறந்து தன் வீட்டு மொழியில் அலறினாள். தாமரை அவளை இழுத்துப்போய்த் தொட்டித் தண்ணீரில் கையை அமிழ்த்தினாள். எது சாயம், எது வெந்த தோல் என்று தெரியவில்லை.

முதலாளி விக்ரம் ஓடிவந்தான். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. குனிந்து பார்த்தான். ராதாமணியை அல்ல.

"சேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"கை வெந்து போச்சு சார்! ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"கொதிக்கிற எடத்துல கையை ஏன் நீட்டுது அது? சரி சரி, கத்தாத. வீடியோ எடுக்கிறவங்க வந்துக்கிட்டிருக்காங்க. பின்னாடி குடோன்ல உக்காரச் சொல்லு. டிரைவர் தங்கப்பாண்டி வண்டியில அனுப்புறேன்."

நம்பினார்கள். அதுதான் அன்றைக்கு அவர்கள் செய்த தப்பு.

கார் வந்து நின்றது. கண்காட்சிக்காரர்கள் அனுப்பிய பெண் கேமராவோடு இறங்கினாள். அதற்குள் விக்ரம் ஒரு பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் ரப்பர் கையுறை கொடுத்தான். எத்தனையோ நாளாகக் கேட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்டிக்கரைக் கிழிச்சிராதீங்க. வீடியோ முடிஞ்சதும் அப்படியே குடுத்துரணும். கடையில ரிட்டன் போடணும்."

சாயம் முக்குகிறவர்களுக்கு மட்டுமா? முடிச்சு கட்டுகிறவர்களுக்கும் மாட்டிவிட்டான். கேமரா ஓடியது. ரப்பர் விரலில் துணியைக் கிள்ளினால் வழுக்கியது, நூல் நழுவியது. முடிச்சு கட்டுகிற தமிழ்வாணி பொறுமை இழந்தாள்.

"தாலி கட்டுற மாப்ள கையில உறைய மாட்டிவிட்டா எப்படிக் கட்டுவான்? அந்தக் கதையால்ல இருக்கு!"

பட்டறை கொல்லென்று சிரித்தது. விக்ரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தான்.

தாமரை தண்ணீர் எடுக்கும் சாக்கில் வாசலுக்குப் போனாள். லோடு வண்டி அங்கேயே நின்றது. தங்கப்பாண்டி அதில் சாய்ந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, ராதாமணி அக்காவை விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"எங்க விடச் சொல்ற?"

"ஆஸ்பத்திரியிலண்ணே! கை வெந்திருச்சே!"

வடை பாதியில் நின்றது. "எனக்கு யாரும் சொல்லலயே தாயீ. வண்டியை எடுக்கக் கூடாதுன்னுல்ல சொல்லியிருக்காரு."

தாமரை குடோனுக்கு ஓடினாள். வெளியே பூட்டு. கதவில் காது வைத்தாள். முனகல்.

"அக்கா!"

"தண்ணி குடு தாமரை. எரியுது..."

திரும்பினாள். எதிரே விக்ரம்.

"கடைசி ஷாட்டுக்குக் கூப்பிடுறாங்க. முடிச்சு உடைக்கணும். வா."

"சாவியைக் குடுங்க சார்."

"ஒரு நிமிஷ வேலை. முடிச்சுட்டுப் பேசு. இல்லேன்னா நாளைக்கு நீ இங்க வர வேண்டியதில்ல."

முடிச்சு உடைப்பதுதான் சுங்குடிப் பட்டறையின் திருவிழா. காய்ந்த சேலையின் இரு முனையை இரண்டு பேர் பிடித்துக் குறுக்கே வெடுக்கென்று இழுக்க வேண்டும். படபடவென்று நூல் தெறித்து, புள்ளிகள் பூத்துவிடும். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவள்தான் முந்தானை முனையைப் பிடிப்பாள். அவள் விரலுக்குத்தான் தான் இறுக்கிய இறுக்கம் தெரியும்.

தாமரை முற்றத்துக்கு வந்தாள். வரையாட்டுச் சேலை முடிச்சுகளோடு சுருங்கிக் கிடந்தது. ஒரு முனையை எடுத்தாள். கேமரா அவள் முகத்துக்கு நேராக வந்தது. மறுமுனை தரையில் கிடந்தது.

"யாராவது பிடிங்கம்மா!" என்றான் விக்ரம்.

"கட்டுனவ பிடிக்கணும்" என்றாள் தாமரை. "கட்டுனவ கை வெந்து குடோன்ல கெடக்கா. வெளிய பூட்டியிருக்கு. சாவி சார் பையில இருக்கு."

கேமராப் பெண் நிமிர்ந்தாள்.

"வாயை மூடுடி! தமிழ்வாணி, நீ வந்து பிடி!"

தமிழ்வாணி கையுறையைக் கழற்றி அவன் காலடியில் போட்டாள். "எனக்குக் கொம்பு கட்டத் தெரியாது சார்."

அடுத்தவள் கழற்றினாள். அதற்கடுத்தவள். ரப்பர் கைகள் தரையில் குவிந்தன, ஸ்டிக்கர் கிழியாமல்.

விக்ரமே பாய்ந்து மறுமுனையைப் பிடித்தான். "இழு!"

தாமரை தன் முனையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

அதற்குள் தங்கப்பாண்டி கடப்பாறையோடு உள்ளே வந்திருந்தான். யாரையும் கேட்கவில்லை. பூட்டு ஒரே நெம்பில் போனது. ராதாமணியைத் தூக்கி லோடு வண்டியில் ஏற்றியபோது பெண்கள் எல்லோரும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

"வெளிய போனா ஒருத்தியும் திரும்ப வராதீங்க!" விக்ரமின் கத்தல் வண்டிப் புகையில் கரைந்தது.

மறுநாள் காலை கேட்டில் புதுப் பூட்டு. அதன் முன்னால் பெண்கள் உட்கார்ந்தார்கள். தங்கப்பாண்டிக்கும் வேலை போய்விட்டது; அவனும் உட்கார்ந்தான். வைத்தியம் பட்டறைப் பொறுப்பு. கை ஆறியதும் அக்காவின் வேலை அக்காவுக்கு. அடுப்பைக் கட்டு. கையுறை கடைக்குத் திரும்பக் கூடாது. தாமரை கேட்டின் கம்பி வழியே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"உங்களை விட்டா ஆளே இல்லேன்னு நினைப்பா?" என்றான் விக்ரம் உள்ளேயிருந்து. ராத்திரி கணக்குப்பிள்ளையோடு சேர்ந்து வேறொரு சேலையை இழுத்துப் பார்த்திருந்தான். பனைமரம் நடுவில் கிழிந்ததுதான் மிச்சம். "திருப்பரங்குன்றம் பட்டறையிலேர்ந்து ஆள் வருது. பாருங்க!"

வேன் வந்தது. பெண்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். முதலில் இறங்கியவள் ஒச்சாயி. வாட்டசாட்டமான ஆள், இடுப்பில் செருகிய சேலை, நீலச் சாயம் ஏறிய நகங்கள்.

"ஒதுங்குங்கத்தா. வேலைன்னு சொல்லிக் கூட்டியாந்திருக்காக."

யாரும் ஒதுங்கவில்லை. அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. ராதாமணி இறங்கினாள். வலது கை முழுக்க வெள்ளைக் கட்டு.

"ஆஸ்பத்திரியில படுக்கச் சொன்னாங்கல்லக்கா!" என்று பதறினாள் தாமரை.

"எனக்காக நீங்க ரோட்டுல. நான் மட்டும் கட்டில்லயா?"

ஒச்சாயி அந்தக் கட்டைப் பார்த்தாள். தன் நீல விரல்களைப் பார்த்தாள்.

"எப்படியாச்சு?"

"அடுப்புக்கல்லு நழுவிருச்சு."

"எங்க பட்டறையிலயும் ஆடுது" என்றாள் ஒச்சாயி.

விக்ரம் பூட்டைத் திறந்தான். "வாங்கம்மா, உள்ள வாங்க! வரையாட்டுச் சேலை ஒண்ணு இருக்கு, முதல்ல அதை உடைக்கணும்."

"அதைக் கட்டுனது யாரு சார்?"

"அது எதுக்கு உனக்கு?"

ராதாமணி தன் வெள்ளைக் கட்டை லேசாக உயர்த்தினாள்.

ஒச்சாயி வேனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எறங்குங்கடி எல்லாரும். உள்ள போறதுக்கில்ல, உக்கார்றதுக்கு."

"அப்ப சேலை?" விக்ரமின் குரல் கீச்சிட்டது. "கண்காட்சிக்கு என்னத்தை அனுப்புறது?"

"அவ கை ஆறட்டும். வந்து முனையைப் பிடிப்பா" என்றாள் ஒச்சாயி.

உள்ளே, வரையாடு இன்னும் முடிச்சுக்குள்தான் இருந்தது. வெளியே, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தாமரைச்செல்வி நகர்ந்து, ஒச்சாயிக்கு இடம் விட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நகர்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி.