தீட்டு வீட்டுத் தீபாவளி

ஆண்டாள் தன் புருஷனின் அண்ணனைச் சாகடித்தது ஒரு மோதிரத்துக்காக. கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. போனை எடுத்துச் சம்பந்தி வீட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான்.

அதற்காக அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆவணியில்தான் மகள் சந்தியாவை மணலூர்பேட்டையில் நிலபுலம் உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். கரும்பு வெட்டப் போகிற புருஷன் சின்னராசுவுக்கும் களையெடுக்கப் போகிற அவளுக்கும் அது சக்திக்கு மீறிய சம்பந்தம். கல்யாணத்துக்கு வாங்கிய மகளிர் குழுக்கடனில் இரண்டு தவணைகூடக் கட்டி முடிக்கவில்லை, அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைத்து மோதிரம் போடாமல் எந்த முகத்தோடு சம்பந்தியைப் பார்ப்பது? கள்ளக்குறிச்சிக்குப் போய் நகைக்கடையில் விலை கேட்டாள். கடைக்காரப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தான். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மோதிரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

யோசனை களையெடுக்கும்போது வந்தது. பக்கத்து வரிசையில் இருந்தவள், "பங்காளி வூட்டுல சாவு விழுந்திடுச்சு, எங்களுக்கு இந்த வருசம் பண்டிகை இல்ல" என்று வருத்தப்பட்டுச் சொன்னாள். ஆண்டாளுக்கு வருத்தம் வரவில்லை. கொடுத்து வைத்தவள் என்றுதான் நினைத்தாள். நினைத்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் நினைப்பு போகவில்லை.

அன்று சாயங்காலம் சின்னராசுவிடம் சொன்னாள். அவன் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணந்தாண்டி ஒனக்குக் கெடச்சாரா?"

"பங்காளின்னு ஒனக்கு வேற யாருய்யா இருக்கிறது? அவரு வெள்ளிமலைக்கு அந்தாண்ட கெடக்கறாரு. போனும் கெடையாது. யாரு போய்ப் பாத்துக்கினு வரப் போறாங்க?"

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம். இந்த வருசம் தாண்டட்டும்."

சின்னராசு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை ஆண்டாள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவனும் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் பேசாமல் இருந்தான்.

அந்த அண்ணன் வேடியப்பன் இளவயதிலேயே கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. நாலு ஆடு, ஒரு குடிசை. சந்தியாவின் கல்யாணத்தில் பெரியப்பன் முறைக்கு முன்னால் நின்று தாம்பூலம் மாற்றியவர் அவர்தான்.

சம்பந்தியம்மா ராதிகா நல்ல மாதிரி. "அய்யய்யோ, கல்யாணத்துல நல்லாத்தானங்க இருந்தாரு? தீட்டு வூட்டுல பண்டிகை எப்பிடிங்க செய்யறது? அடுத்த வருசம் பாத்துக்கலாம், மனச வுட்டுடாதீங்க" என்றாள். மலையில் மழை, பஸ் சரியாக இல்லை, அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டோம் என்று ஆண்டாள் சொன்னதையும் நம்பினாள். இத்தனை சுலபமாக ஒரு செலவு மிச்சமாகும் என்று ஆண்டாள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, சந்தியா போனை வாங்குகிற வரைக்கும்.

வாங்கியதுமே மகள் அழுதாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா நிற்பாள்.

"நான் வரேம்மா. ஒரு தடவ வந்துட்டுப் போயிடறேன்."

"வேணாம் கண்ணு. புதுசா தாலி கட்டிக்கினவ வருசம் திரும்பற வரைக்கும் எழவு வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

அதுவும் ஊர் வழக்கம்தான். வழக்கமெல்லாம் அந்தச் சமயத்தில் ஆண்டாள் பக்கமே நின்றது.

சந்தியாவுக்கு வரன் பார்த்துக் கொடுத்த தங்கமணி இதே தெருக்காரி என்பதால் தெருவுக்கும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. தீபாவளியன்று காலையில் தங்கமணி ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். தீட்டு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, அக்கம்பக்கம்தான் கொடுக்க வேண்டும். தங்கமணியும் கூலிக்குப் போகிறவள்தான். "அழுதுக்கினே இருக்காத, சாப்புடு" என்று ஆண்டாள் முதுகைத் தடவிவிட்டுப் போனாள். ஆண்டாள் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். மிச்சத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஆளில்லை. மதியத்துக்கு முன்னால் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வேடியப்பன் உள்ளே வந்தார். எப்போதும் ஏரிக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கழனி வழியாகத்தான் வருவார். தலையில் துண்டு, கையில் ஒரு துணிக்கடைப் பை, ஒரு தேன் பாட்டில்.

"இன்னா ஆண்டாளு, கோலம்கூடப் போடல? பொண்ணு, மாப்பிள்ள வந்தாச்சா?"

ஆண்டாள் ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். உள்ளே படுத்திருந்த சின்னராசு எழுந்து வந்து அண்ணனைப் பார்த்தான், பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"தல தீபாவளியாச்சே, பெரியப்பன் வராம இருந்தா பொண்ணு கோச்சிக்கும். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்ட, பொண்ணுக்கு ஒரு பொடவ. நெறம் நல்லாருக்கா பாரும்மா."

அவர் பையைப் பிரிக்கும்போது ஆண்டாளின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும், பழைய போன். எடுக்காமல் விட்டால் சந்தியா விடாமல் அடித்துக்கொண்டே இருப்பாள். எடுத்தாள்.

மகள் குரல் கேட்டதும் வேடியப்பன் முகமெல்லாம் சிரிப்பாகப் போனுக்குக் கையை நீட்டினார். ஆண்டாள் பின்னால் நகர்ந்தாள்.

"அம்மா, சாப்ட்டியா? நான் இங்க பெரியப்பாவுக்கு ஒரு எல போட்டுப் படைச்சேம்மா. அத்தை ஒண்ணும் சொல்லல. கேசரி செஞ்சேன், அவருக்குப் புடிக்குமே. போட்டாகூட ஒண்ணு இல்லம்மா எங்கிட்ட. கல்யாண ஆல்பத்துல அவரு ஓரமா நிக்கறாரு, அதத்தான் வெச்சிக் கும்புட்டேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவரே அதை இறக்கிக்கொண்டார். ஆண்டாள் ஏதோ சொல்லிப் போனை வைத்தாள். என்ன சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

"எப்ப செத்தேன்?" என்று கேட்டார் வேடியப்பன்.

ஆண்டாள் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். அவர் திட்டவில்லை.

"மோதிரத்துக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வுட்டிருந்தா ஆட்ட வித்திருப்பேனே" என்றார்.

துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தார். "இத அப்புறமா பொண்ணுகிட்ட குடுத்துடு. நான் குடுத்தன்னு சொல்லாத." கிளம்பும்போது துண்டை முகம் தெரியாதபடி தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார். தெருவில் யாராவது பார்த்துவிட்டால் சந்தியாவுக்குத்தான் கேவலம் என்பது அவருக்கும் புரிந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்க மாமா என்று சொல்ல ஆண்டாளுக்கு வாய் வரவில்லை. வீட்டில் தங்கமணி கொடுத்த பலகாரம்தான் இருந்தது. அதுவும் அவர் செத்ததற்காக வந்தது.

சின்னராசு ஏரிக்கரை வரைக்கும் கூடவே போனான். நனைந்து திரும்பி வந்து தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்தான்.

"பஸ் ஏத்திட்டியா?" என்று கேட்டாள்.

"ஏத்திட்டேன். இனிமே இந்தப் பக்கம் வரலன்னுட்டாரு."

அவன் மடியிலிருந்து பீடியை எடுத்தான், நனைந்திருந்தது, தூக்கிப் போட்டான்.

"நாளைக்கு எங்கண்ணன் நெசமாவே செத்துட்டா, எம்பொண்ணுகிட்ட இன்னான்னுடி சொல்லுவேன்?"

மகள் ஏற்கெனவே அழுது முடித்துவிட்டாள். நிஜமாகச் சாகும்போது அவருக்காக அழ அவள் வரமாட்டாள். மலையில் அந்த மனிதர் இனி எத்தனை வருஷம் இருந்தாலும், மணலூர்பேட்டையில் அவருக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் இலை விழும்.