ஏசிக்குக் கீழே ஓர் ஆலமரம்

கண்டி நகரில் பல் வைத்தியம் பார்க்கும் டொக்டர் அஸ்ஃபருக்குப் போன வருடம் திடீரென்று மன அமைதி தேவைப்பட்டது. அதை அவர் ஒரு மலர்க் கண்காட்சியில் விலைக்கு வாங்கி வந்தார். ஒரு முழம்கூட உயரமில்லாத போன்சாய் ஆலமரம். நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஏசிக்கு நேர் கீழே, கண்ணாடி மேசையில் அதை வைத்தார். பல்லைப் பிடுங்க வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் பயம் தெளிவார்களாம். மேசையில் தண்ணீர் சொட்டிவிடக் கூடாதென்று, சட்டியின் அடித் துவாரங்களைப் பல்லடைக்கும் கலவையாலேயே அடைத்தும் விட்டார். அடைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

மரத்தைப் பார்க்கும் பொறுப்பு ரிஸ்னாவின் தலையில் விழுந்தது. அக்குறணையிலிருந்து பஸ்ஸில் வந்து, ஒன்பது வருடமாக அங்கே நோயாளிகளின் பெயர் பதிந்து, அழும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பவள். காலை, பகல், மாலை மூன்று வேளையும் தண்ணீர் என்று டொக்டர் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் வாரம் இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது. டொக்டர் ஒரு போன்சாய் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். ஒருவர் வைட்டமின் விடச் சொன்னார், ஒருவர் சங்கீதம் போடச் சொன்னார், ஒருவர் மரத்தோடு பேசச் சொன்னார். எல்லாவற்றையும் டொக்டர் ஏற்றுக்கொண்டார், செய்தது ரிஸ்னா. தினமும் எட்டு மணிக்கு மரத்தின் முன்னால் நின்று, "எப்படி ஈக்கிறீங்க?" என்று கேட்பாள். மரம் இரண்டு இலையை உதிர்த்துப் பதில் சொல்லும்.

"ரிஸ்னா, நீங்க அன்பாத் தண்ணி ஊத்துறீங்களா?" என்று டொக்டர் ஒருநாள் விசாரித்தார்.

"சீட்டுல அது எழுதி இல்லையே டொக்டர்."

அவர் மகளைப் பார்க்க அவுஸ்திரேலியாவுக்கு ஒரு மாதம் போனபோது, மூன்று பக்க அறிவுறுத்தலும் பதினொரு இலைகளும் மிச்சமிருந்தன. திரும்பி வரும்போது ஒரு குச்சியைத்தான் கையில் கொடுக்கப்போகிறோம் என்று ரிஸ்னா தினமும் இலைகளை எண்ணினாள்.

மூன்றாம் நாள் ஏசி துப்புரவாக்க இருளப்பன் வந்தான். தெல்தோட்டைக்காரன், இந்த வேலைக்கு வருமுன் தோட்டத்துத் தேயிலை நாற்றுமேடையில் நான்கு வருடம் இருந்தவன். ஏணியில் ஏறியவன் ஏசியைப் பார்க்காமல் கீழே பார்த்தான்.

"மிஸ், இத யாரு இங்க வச்சது?"

"டொக்டர்."

"நல்லாப் படிச்சவரோ?"

"ரொம்ப."

"அதான்."

இறங்கி வந்து மண்ணுக்குள் விரலை விட்டு மோந்து பார்த்தான். "வேர் அழுகிப்போச்சு. தண்ணி போக வழியில்ல. நீங்க மூணு வேளையும் மூழ்கடிச்சிருக்கீங்க."

சீட்டு டொக்டருடையது என்றாலும் ஊற்றிய கை தன்னுடையதாயிற்றே என்று ரிஸ்னா கூசிப்போனாள். பின்புறப் பல்கனியில் பத்திரிகையை விரித்து, மரத்தைச் சட்டியிலிருந்து உருவினார்கள். வேரில் பாதி கறுத்துக் கொழகொழத்திருந்தது. எவர் பல்லின் வேரையும் படம் எடுத்துப் பார்க்காமல் தொடாத டொக்டர், இந்த வேரை மட்டும் முழுதாக நம்பியிருந்தார். கத்தரிக்கோலைக் கிருமி நீக்கித்தான் வெட்டுவேன் என்று ரிஸ்னா பிடிவாதம் பிடித்தாள். அழுகியதை அவள் வெட்ட, இருளப்பன் துளைகளைத் திறந்து, பருமணலும் செங்கல் நொறுக்கும் கொஞ்சம் மண்ணும் கலந்து நட்டான்.

"இனி நான் என்ன செய்யணும்?"

"சும்மா இருங்க. மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி."

அதுதான் சிரமமாக இருந்தது. பத்து நாளில் பதினொரு இலையும் போய்விட்டது. நகத்தால் பட்டையைச் சுரண்டினாள், உள்ளே பச்சை. பதினெட்டாம் நாள் ஒரு கிளை நுனியில் சிவப்பாய் ஒரு முளை கண்டாள். உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும் என்று நின்றாள்.

டொக்டர் வந்து தளிர்களைப் பார்த்தார். "பாத்தீங்களா, வைட்டமின் வேல செஞ்சீக்கி." படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, "இனி உள்ள எடுத்து வைங்க" என்றார்.

"ஏலாது டொக்டர்."

ஒன்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. அடைத்த துவாரத்தையும் வெட்டிய வேரையும் ஏசிக்காரனையும் ரிஸ்னா ஒன்றுவிடாமல் சொன்னாள். டொக்டர் குனிந்து சட்டியின் அடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப வார ஆக்கள் எதப் பாக்குறது?"

"யன்னல் ஈக்குதே."

யன்னல் அவருக்குப் போதவில்லை. அடுத்த வாரம் அந்த மேசைக்குப் பிளாஸ்டிக் போன்சாய் ஒன்று வந்தது. நோயாளிகள் தொட்டுப் பார்க்காமலே புகழ்கிறார்கள். "எல்லாம் கவனிப்புத்தான்" என்று டொக்டர் அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறார். பல்கனி மரம் நாற்பது இலையைத் தாண்டிவிட்டது. ரிஸ்னா அதன் பக்கத்தில் கதிரை போட்டுத்தான் இப்போது பகல் சாப்பாடு சாப்பிடுகிறாள்.