மூடினால் போதும்

கேதீஸ்வரனின் மடிக்கணினியில் நான் செய்த வேலையை நெல்லியடியில் வேறு எவனும் செய்திருக்கமாட்டான். அந்தக் கொழுப்புத்தான் எனக்கு.

கணினி பழசு. பற்றரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. பௌதிகம் படிப்பித்த அந்த மனுசனுக்குப் புதிதாக ஒன்று வாங்கவும் மனமில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் என்பதால் என் கடையில் வைத்துப் பார்த்துக் கொடுத்தேன்.

“மூடினா நித்திரை கொள்ளவேணும். திறந்தா விட்ட இடத்திலை நிக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்” என்றான்.

கணினியை நித்திரையாக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, செய்துகொண்டிருந்ததையெல்லாம் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச மின்சாரத்தில் கண்ணயர்வது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மற்றது, அனைத்தையும் டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக நிற்பது. அதற்குக் கரண்ட் போனாலும் பயமில்லை. இந்த இரண்டாவது வழி அவன் கணினியில் சரிவரவில்லை. எழும்பும்போது திரை கறுப்பாகவே நின்றது. இரண்டு நாள் மினக்கெட்டேன். மூன்றாம் நாள் எரிச்சல் வந்து, இயங்குதளத்தின் அத்திவாரமான கேர்னலைத் திரும்பக் கட்டும்போது அந்த வசதியையே வெட்டி எறிந்தேன். முதல் வழியில் கணினி அரை நொடியில் எழும்பியது.

“இனி மூடினாப் போதும். பிளக்கை மட்டும் கழட்டாதை” என்று பெருமையாகக் கொடுத்துவிட்டேன்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, கரவெட்டியில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது கரும்பலகைக்கு முன்னால் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

தமையன் நடராசா கனடாவிலிருந்து வரும்வரை உடலை வைத்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒன்பது வருடம் கதைக்கவில்லை. தகப்பனுக்குக் கொள்ளி வைக்கவேண்டியவர் மூத்தவர், அவர் வரவில்லை. இளையவன் வைத்தான், அதோடு அண்ணனையும் தலைமுழுகினான். பிள்ளையில்லாத அந்தத் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை கொள்ளி வைத்தவர் அதே அண்ணன்.

பிரேதம் எடுத்ததும் பெண்கள் வீடு கழுவவேண்டும். எடுப்பதற்குச் சற்று முன் கேதீசின் மாமி இரத்தினம்மா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, தண்ணி ஊத்தப்போறம். கரண்ட் அடிச்சுப்போடும். பிளக்குகளைக் கழட்டிவிடு ராசா.”

அறை அறையாகப் போய்க் கழட்டினேன். அவன் மேசையில் கணினி மூடிக் கிடந்தது. ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அது நித்திரையில் இருக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆளே போய்விட்டான், இனி இதை யார் எழுப்பப்போகிறார்கள் என்று அதையும் இழுத்துவிட்டேன். சுடலையால் நாங்கள் திரும்பமுன் பற்றரி செத்திருக்கும்.

மறுநாள் சுடலையில் சாம்பல் அள்ளிக் காடாத்தி வந்த பிறகுதான் கேதீசின் மனைவி உதயகலா நடராசாவிடம் வாய்திறந்தாள்.

“அத்தான், இவர் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். ரண்டு கிழமையா, ஒவ்வொரு காலமையும். கடைசி நாளும் பின்னேரம் வந்து முடிக்கிறன் எண்டுபோட்டுத்தான் போனவர்.”

நடராசா சட்டென்று எழுந்தார். “எனக்கோ? எங்கை? இப்ப வாசிக்கலாமோ?”

கணினியை என்னிடம் தந்தார்கள். பிளக்கைச் செருகித் திறந்தேன். அது விட்ட இடத்தில் நிற்காமல் முதலிலிருந்து தொடங்கியது. அதைக் கண்டதுமே விளங்கிவிட்டது. ஆனாலும் தேடினேன், அழித்தவை கிடக்கும் இடம்வரை தேடினேன். வினாத்தாள்கள் இருந்தன. கடிதம் இல்லை.

“ஒருக்காக்கூட சேவ் பண்ணேல்லையோ?” என்று உதயகலாவைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“மூடினாப் போதும் எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அது இன்னும் சுட்டது.

இருவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டி எறிந்த வசதியையும், கழட்டிய பிளக்கையும். நடராசா ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

“என்ன எழுதினவன் பிள்ளை? உனக்கு ஒரு வரியாவது வாசிச்சுக் காட்டினவனோ? என்னை ஏசி எழுதியிருந்தாலும் பறவாயில்லை, சொல்லு.”



“வாசிச்சுக் காட்டேல்லை அத்தான். இடையிலை ஒருநாள் மட்டும் கேட்டவர், அண்ணைக்கு வாற ஆவணிக்கு அறுபதோ அறுபத்தொண்டோ எண்டு. எனக்கும் தெரியேல்லை.”

நடராசா கணினிக்கு முன்னால் இருந்தார். மழித்த தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“அறுபத்தொண்டு” என்றார். எங்கள் இருவருக்கும் சொல்லவில்லை. “அறுபத்தொண்டடா, தம்பி.”