நாக்கு எதையும் தொடாத இடம்

1

அக்காவின் நாக்கில் கட்டி என்று தெரிந்தபோது எனக்கு முதலில் அழுகை வந்தது. அடுத்து இந்தக் கதை வந்தது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு போடமாட்டார்கள்.

அக்கா ரயில் நிலைய அறிவிப்பாளர். ஊரில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் குரலைக் கேட்டுப் பெட்டியும் கையுமாக ஓடியிருக்கிறார்கள். கட்டியோடு நாக்கின் ஓரத்தையும் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். இனி பயமில்லை என்றார் மருத்துவர். புண் ஆறியதும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ழ மட்டும் வரவில்லை.

தமிழில் எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான கரு கிடைக்குமா? உட்கார்ந்தேன்.

"உலக மொழிகளிலேயே தமிழில் மட்டும் வாழும் அந்த அரிய ஒலி, அவள் நாவிலிருந்து ஒரு பறவையைப் போல

(இங்கே நிறுத்திவிட்டேன். பறவை அடுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.)

2

பேச்சுப் பயிற்சியாளர் அக்காவைவிட இளையவர். அவர் அறையில் ஒரு கண்ணாடி, பிளாஸ்டிக் தாடை, அதில் கழற்றி மாட்டும்படி ஒரு நாக்கு. துணைக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். வந்தது குறிப்பெடுக்க.

"உலகத்துலயே தமிழ்ல மட்டும்தானே இந்த ஒலி இருக்கு?" என்றேன்.

"யாரு சொன்னா? மலையாளத்துல இருக்கே. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் பலதுல இருக்கு. சீனத்துலகூட இதுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு. அரிதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம பேருக்குப் பட்டா போட்டதில்ல."

என் முதல் வாக்கியம் அங்கேயே செத்தது. அக்கா சிரித்தாள். சிகிச்சைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பயிற்சியாளர் பிளாஸ்டிக் நாக்கை வளைத்துக் காட்டினார். "ள சொல்லும்போது நாக்கு மேல தொடும். ழவுக்கு வளைஞ்சு போகணும், ஆனா எதையும் தொடக் கூடாது. உங்க நாக்கு இப்போ பயந்துபோயிருக்கு. ஒரு பிடிமானம் தேடுது. அதான் ளவுல போய் நின்னுக்குது. எங்க, ஏழுன்னு சொல்லுங்க."

"ஏளு."

"இன்னொரு தடவ."

"ஏளு."

உற்சாகப்படுத்த நானும் சொல்லிக் காட்டினேன். பயிற்சியாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் வாரம் ஒரு நாள் வந்தா நல்லது சார்."

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: தெருவில் பாதிப் பேர் ஏளு என்றுதான் சொல்கிறார்கள். அதற்காக யாருக்கும் வேலை போவதில்லை. ஆனால் அக்காவுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தப் பாதியில் சேராமல் இருப்பதற்குத்தான். அவள் நிலையத்தில் கூட்டம் மொய்க்கும் நடைமேடை எது என்பதையும் ஊகித்திருப்பீர்கள். அந்த எண் நான் வைத்ததல்ல, ரயில்வேக்காரர்கள் வைத்தது.)

3

இரண்டாவது வரைவில் அக்கா கண்ணாடி முன் நின்று அழுதாள். அதை நிஜ அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எப்படா கண்ணாடி முன்னாடி அளுதேன்?"

"கதைக்குத் தேவைப்படுதுக்கா."

"கதைக்குத் தேவைன்னா நீ அளு."

(அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். திருத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.)

சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "திங்கக்கிளம மேலாளர் பக்கத்துல நின்னு கேக்கப் போறார். சரியா வரலன்னா டிக்கெட் கவுன்ட்டர். நாள் பூரா எல்லார் மூஞ்சியும் பாக்கணும், அவங்க என் மூஞ்சியப் பாப்பாங்க. எனக்கு அது ஆகாதுடா. அந்தச் சின்ன ரூம்ல, மைக் முன்னாடி, நான் யாருன்னே தெரியாம இருக்கறதுதான் எனக்குப் பிடிக்கும்."

இந்தப் பயம் என் வரைவில் எங்குமே இல்லை. நான் ஒரு எழுத்துக்காக அழுதுகொண்டிருந்தேன்; அவள் தன் நாற்காலிக்காகத் தூக்கம் கெட்டிருந்தாள்.

4

முடிவுகள், கிழித்த வரிசையில்:

அவள் ழ முழங்குகிறது. பயணிகள் மெய்சிலிர்த்து நிற்கிறார்கள். (வண்டி கிளம்பும் நேரத்தில் எவனும் நிற்கமாட்டான்.)

அவள் தோற்று, டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறாள். வெளியே மழை. (மழையை நான் கூப்பிடவில்லை. தானாக வந்தது.)

அக்கா கொடுத்த முடிவு: "'ஆறாவதுக்கு அடுத்த நடைமேடை'ன்னு சொல்லிட்டா?" இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் பாத்திரம் கழுவப் போய், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஏளு, ஏளு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டபடி என்னால் ஒரு வரியும் எழுத முடியவில்லை.

5

திங்கட்கிழமை என்னை அவள் அறிவிப்பு அறைக்குள் விடவில்லை. "நீ உள்ள வந்தா என்னைப் பாக்கமாட்ட, கதையத்தான் பாப்ப. போய் பிளாட்பாரத்துல நில்லு."

நின்றேன். பக்கத்தில் ஒரு பெண், தோளில் தூங்கும் குழந்தை, காலடியில் இரண்டு பைகள். ஒலிபெருக்கி கரகரத்தது. அக்காவின் குரல் வந்தது. வண்டியின் பெயர், எங்கிருந்து, எங்கே, எல்லாம் பழையபடி வழுக்கிக்கொண்டு வந்தன. பிறகு "ஏ" என்று வந்து, மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு நிறுத்தம். என் நாக்கு வாய்க்குள் தானாக வளைந்தது. அப்புறம் அந்த ஒலி. அப்புறம் "வது நடைமேடை".

"இந்த பிளாட்பாரம்தான சொன்னாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாங்க."

ஒரு பையை நான் தூக்கிக் கொடுத்தேன். வண்டி வந்தது, ஏறினாள், போய்விட்டாள்.

அறை வாசலில் மேலாளர் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். "நாளைலேருந்து காலை ஷிஃப்ட் வந்துருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். அக்கா நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இனி என் சிக்கல். அவள் சொன்னது ள இல்லை; அது நிச்சயம். பழைய ழவும் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, எங்கோ விழப்போய் விழாமல் நின்ற மாதிரி ஒன்று. நம் எழுத்துகளில் அதற்கு எழுத்து இல்லை. ழ என்று எழுதினால் பொய், ள என்று எழுதினால் துரோகம்.

"எந்த எழுத்துக்கா போடறது?"

"ஜனங்க சரியான வண்டில ஏறினாங்களா? அப்புறம் உனக்கு என்னடா."

ஆகவே இப்படியே விடுகிறேன்: ஏ[   ]வது நடைமேடை. என்ன போடுவதென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அக்கா காலை ஷிஃப்டில் இருக்கிறாள். சீக்கிரம் எழுந்து போனால் கேட்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.